ட்ரோன் யாரிடம் என்ன சொல்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோட்டில் ட்ரோன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். உடைந்த இறக்கை, எரிந்த மோட்டார், கிணற்றில் விழுந்த கேமரா என்று எதையாவது எடுத்துக்கொண்டு வருகிறவர்கள், வேலை முடியும்வரை பெஞ்சில் உட்கார்ந்து சந்தேகம் கேட்பார்கள். ட்ரோனே இல்லாதவர்களும் வருவார்கள். பக்கத்து வீட்டு ட்ரோன், போலீஸ் ட்ரோன் என்று அவர்களுக்கு வேறு கவலை. ஒரே கேள்வியைப் பத்துப் பேர் கேட்டபிறகு எழுதிவைக்க ஆரம்பித்தேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

அண்ணா, டிஜேஐ ட்ரோன் பறக்கவிட்டா எடுத்த படமெல்லாம் சீனாவுக்குப் போயிடும்னு சொல்றாங்களே, நெசமா?

டிஜேஐ என்பது சீனாவின் பெரிய ட்ரோன் நிறுவனம், அதனால்தான் இந்தச் சந்தேகம். ட்ரோன் எடுக்கும் வீடியோ முதலில் ட்ரோனுக்குள் இருக்கும் மெமரி கார்டில்தான் பதிவாகிறது. அதன் தரம் குறைந்த நகல் ஒன்று ரேடியோ அலை வழியாக ரிமோட்டுக்கும், ரிமோட்டில் மாட்டிய போனுக்கும் வருகிறது. வீடுகளில் வைத்திருக்கிற சின்ன ட்ரோன்களில் சிம் கார்டு கிடையாது. ட்ரோன் தானாக இணையத்தோடு பேச வழியில்லை. வெளியே ஏதாவது போகிறது என்றால் போனிலோ, திரை வைத்த ரிமோட்டிலோ இருக்கும் ஆப் வழியாகத்தான் போக வேண்டும். அதனால் ட்ரோனைவிட ஆப்பைத்தான் கவனிக்க வேண்டும்.

அந்த ஆப்பைப் பற்றிய சந்தேகம் வெறும் வதந்தி அல்ல. 2020 ஜூலையில் பிரான்சின் சினாக்டிவ், அமெரிக்காவின் கிரிம் என்ற இரண்டு பாதுகாப்பு ஆய்வு நிறுவனங்கள் டிஜேஐயின் பழைய ஆண்ட்ராய்டு ஆப்பைப் பிரித்துப் பார்த்தன. கூகுள் பிளே ஸ்டோரைத் தாண்டி, நிறுவனமே நேரடியாகப் புதிய மென்பொருளைப் போனில் இறக்கச் செய்யும் வழி அதில் இருந்தது. திருத்தப்பட்ட போலி ஆப்பைத் தடுக்கத்தான் அந்த ஏற்பாடு என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. ஆனால் படங்களை ரகசியமாகச் சீனாவுக்கு அனுப்பியதாக அந்த ஆய்வுகள் சொல்லவில்லை. வழி இருந்தது என்பது ஒன்று, அந்த வழியில் சரக்கு போனது என்பது வேறொன்று. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அப்ப என்னென்னதான் பதிவாகுது? வீடியோ மட்டுந்தானே?

வீடியோவைவிட முக்கியமானது பறந்த விவரம். எங்கிருந்து கிளம்பியது, எத்தனை மணிக்கு, எவ்வளவு உயரம், எந்தப் பாதை, திரும்பி எங்கே இறங்கியது, ரிமோட் வைத்திருந்தவர் எங்கே நின்றார் என எல்லாமே லாக் என்ற பதிவில் இருக்கும். போனிலும் இருக்கும், ட்ரோனிலும் இருக்கும். போனில் வீடியோவின் தரம் குறைந்த நகலும் தங்கும். மெமரி கார்டை மட்டும் அழித்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

நீங்களே பார்க்கலாம். ஆப்பில் வீடியோ சப்டைட்டில்ஸ் என்ற வசதி ஆனில் இருந்தால், மெமரி கார்டில் ஒவ்வொரு வீடியோவுக்கும் பக்கத்தில் அதே பெயரில் எஸ்.ஆர்.டி என்று முடியும் சின்னக் கோப்பு ஒன்று கிடக்கும். கம்ப்யூட்டரில் நோட்பேடில் திறந்து பாருங்கள். வீடியோவின் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் தேதி, நேரம், கேமரா செட்டிங், அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் என்று வரிவரியாக ஓடும். ஒரு கல்யாண வீட்டுக்காரருக்கு அவர் வீட்டு வீடியோவின் கோப்பைத் திறந்து, அந்த எண்களை மேப்பில் ஒட்டிக் காட்டினேன். அவர் வீட்டு வாசல் தென்னை மரத்தின் மேலேயே புள்ளி வந்து நின்றது. கொஞ்ச நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. கேமராமேன்கள் வீடியோவைக் கொடுக்கும்போது இந்தக் கோப்பையும் சேர்த்தே பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள்.

செகண்ட் ஹேண்ட்ல ஒண்ணு வருது, வாங்கலாமுங்களா?

வாங்கலாம். ஆனால் முந்தைய சொந்தக்காரரின் கணக்கிலிருந்து ட்ரோனை விடுவித்தாரா என்று பாருங்கள். இல்லையென்றால் உங்களால் முழுதாகப் பயன்படுத்த முடியாமல் போகலாம்.

விற்கிறவருக்குத்தான் ஆபத்து அதிகம். கோபியிலிருந்து ஒரு தம்பி, திரை வைத்த ரிமோட்டோடு பழைய ட்ரோன் ஒன்றை வாங்கி, சரிபார்க்கக் கொண்டுவந்தார். ரிமோட்டை ஆன் செய்தால் பழைய சொந்தக்காரரின் கணக்கு அப்படியே திறந்து கிடந்தது. பறந்த பதிவுகளைத் தொட்டேன். நாற்பதுக்கும் மேல் இருந்தன. பெரும்பாலானவை ஒரே வீட்டிலிருந்து, சனி ஞாயிறு சாயங்காலம் கிளம்பியவை. நடுவில் இரண்டு வாரம் எதுவும் இல்லை, பிறகு ஊட்டியில் நான்கு. அந்தக் குடும்பம் எப்போது வீட்டில் இருக்கும், எப்போது பூட்டிக்கொண்டு போகும் என்பதை முகம் தெரியாத ஆள் படித்துவிடலாம். அந்தத் தம்பி நல்லவர், என் எதிரிலேயே எல்லாவற்றையும் அழித்தார். விற்பதற்கு முன் கணக்கிலிருந்து வெளியேறி, ட்ரோனை விடுவித்து, ரிமோட்டை ஃபேக்டரி ரீசெட் செய்து, உள் நினைவகத்தையும் அழித்துக் கொடுங்கள்.

அமெரிக்காக்காரனே தடை பண்ணிட்டானாமே, ஒண்ணுமில்லாமலா பண்ணுவான்?

ஒன்றுமில்லாமல் அல்ல. ஆனால் காரணங்கள் நாம் நினைக்கிற மாதிரி ஒரே காரணம் அல்ல. 2017 ஆகஸ்டில் அமெரிக்கத் தரைப்படை டிஜேஐ கருவிகளை நிறுத்திவைக்கச் சொன்னது, இணையப் பாதுகாப்புக் கவலையால். அதே ஆண்டு சீனா தேசிய உளவுச் சட்டம் கொண்டுவந்தது. அரசின் உளவுப் பணிக்கு நிறுவனங்களும் குடிமக்களும் ஒத்துழைக்க வேண்டும் என்கிறது அதன் 7ஆம் பிரிவு. நிறுவனம் யோக்கியமாகவே இருந்தாலும், அரசு கேட்டால் மறுக்க முடியுமா என்பதுதான் அமெரிக்கர்களின் கேள்வி. நியாயமான கேள்விதான்.

2020 டிசம்பரில் அமெரிக்க வர்த்தகத் துறை டிஜேஐயைத் தடைப்பட்டியலில் சேர்த்தபோது சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். அமெரிக்கர்களின் படத்தைத் திருடியதாக அதில் இல்லை. சீனாவுக்குள் சொந்த மக்களை உயர்தொழில்நுட்பத்தால் கண்காணித்து ஒடுக்குவதற்கு உதவியதாக இருந்தது. 2022 அக்டோபரில் பாதுகாப்புத் துறை அதைச் சீன ராணுவத்தோடு தொடர்புள்ள நிறுவனங்களின் பட்டியலில் சேர்த்தது. அதை எதிர்த்து டிஜேஐ போட்ட வழக்கு 2025 செப்டம்பரில் தோற்றது. 2025 டிசம்பரில் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம், வெளிநாட்டில் தயாராகும் எந்த ட்ரோனின் புது மாடலும் அனுமதி பெற முடியாதபடி செய்தது. ஏற்கெனவே அனுமதி பெற்ற மாடல்களைப் பயன்படுத்தத் தடை இல்லை. இதில் பாதுகாப்பும் இருக்கிறது, உள்நாட்டுத் தயாரிப்பாளர்களை வளர்க்கிற வியாபாரக் கணக்கும் இருக்கிறது. ஒன்றை மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும்.

நம்ம ஊர்லயும் தடைங்கறாங்க, ஆனா கடையில கிடைக்குதே?

2022 பிப்ரவரி 9 அன்று வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்ய மத்திய அரசு தடை போட்டது. ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்பு போன்றவற்றுக்கு மட்டும் அனுமதியோடு விலக்கு உண்டு. சீனா என்று பெயர் சொல்லவில்லை, எல்லா நாட்டுக்கும் பொருந்தும். இன்று கடையில் கிடைக்கும் புதிய மாடல் பெரும்பாலும் துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ குருவிகள், அதாவது பையில் மறைத்துக் கொண்டுவருகிறவர்கள், கையில் வந்தது. பில் இருக்காது, வாரண்டி இருக்காது, பதிவு எண் வாங்குவதும் சிக்கல். ஏதாவது வழக்கு என்று வந்தால் முதல் அடியிலேயே நீங்கள் தப்பான பக்கத்தில் நிற்பீர்கள்.

இந்திய ட்ரோன் வாங்கிட்டா இந்தத் தொல்லையே இல்லைதானே?

ட்ரோனுக்குத்தான் இறக்குமதித் தடை, உதிரிபாகங்களுக்கு இல்லை. மேலே இந்தியப் பெயர் ஒட்டியிருந்தாலும் உள்ளே மோட்டார், கேமரா, ரேடியோ, சில சமயம் மூளையாக வேலை செய்கிற பலகைகூடச் சீனாவிலிருந்து வந்ததாக இருக்கலாம். கழற்றிப் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். இந்திய ராணுவத்துக்கே இந்தப் பிரச்சனை வந்தது. 2025 பிப்ரவரியில், சீன பாகங்கள் இருந்ததால் 400 சரக்கு ட்ரோன்களுக்கான ஒப்பந்தங்களைப் பாதுகாப்பு அமைச்சகம் ரத்து செய்தது.

மோட்டார் சீனாவில் செய்யப்பட்டால் உங்கள் அந்தரங்கத்துக்கு ஒன்றும் ஆகாது. செம்புக் கம்பிக்கு எதுவும் தெரியாது. பறப்பதைக் கட்டுப்படுத்தும் மென்பொருள் யாருடையது, ஆப் எந்த சர்வரோடு பேசுகிறது, லாக் எங்கே சேமிக்கப்படுகிறது, இந்த மூன்றைத்தான் கேட்க வேண்டும். நம் ஊர் நிறுவனம் என்பதற்காக இந்தக் கேள்விகளை விட்டுவிடாதீர்கள். விற்பனையாளர் பதில் சொல்லத் திணறினால் அதுவே உங்களுக்கு ஒரு பதில்.

சரிண்ணா, ஏற்கெனவே டிஜேஐ வெச்சிருக்கேன். தூக்கிப் போடவா முடியும்? என்ன செய்யட்டும்?

தூக்கிப் போட வேண்டாம். ட்ரோனுக்கென்று பழைய போன் ஒன்றை ஒதுக்குங்கள். சிம் வேண்டாம், உங்கள் போட்டோ, காண்டாக்ட், வங்கி ஆப் எதுவும் அதில் வேண்டாம். பறக்கும்போது வைஃபையையும் நிறுத்திவிடுங்கள். ஆப் கேட்கிற அனுமதிகளில் இருப்பிடம், சேமிப்பு தவிர மற்றதை மறுத்துப் பாருங்கள், பெரும்பாலும் வேலை செய்யும்.

பறந்த பதிவுகளை நிறுவனத்தின் கிளவுடில் ஏற்றும் வசதி ஆப்பில் இருந்தால் அதை ஆஃப் செய்யுங்கள். அமெரிக்கப் பயனர்களுக்கு 2024 ஜூனில் டிஜேஐ அந்த வசதியையே எடுத்துவிட்டது. இணையத்தோடு பேச்சையே துண்டிக்கிற லோக்கல் டேட்டா மோடு சில ஆப்களில் இருக்கிறது. அதைப் போட்டால் மேப் புதுப்பிக்காது, தடைப் பகுதி எச்சரிக்கையும் பழையதாகவே இருக்கும். அதனால் கிளம்புமுன் வீட்டிலேயே மேப்பைப் பார்த்துவிட்டுப் போங்கள். அப்புறம், முன்னே சொன்ன சப்டைட்டில்ஸ் தேவையில்லை என்றால் அதையும் நிறுத்துங்கள்.

ஏர்ப்ளேன் மோடுல போட்டுட்டா நான் பறக்கவிடறது ஒருத்தருக்கும் தெரியாதுல்ல?

தெரியும். டிஜேஐ ட்ரோன்கள் பறக்கும்போதே ட்ரோன் ஐடி என்ற அடையாளத்தை ரேடியோவில் ஒலிபரப்பிக்கொண்டே போகும். அதில் ட்ரோனின் வரிசை எண், இருக்கும் இடம் மட்டுமல்ல, ரிமோட் வைத்திருப்பவர் நிற்கும் இடமும் இருக்கும். போனின் ஏர்ப்ளேன் மோடுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இதைப் பிடிப்பதற்கென்றே ஏரோஸ்கோப் என்ற கருவியை டிஜேஐ போலீசுக்கும் விமான நிலையங்களுக்கும் விற்றது.

இந்த ஒலிபரப்பு மறையாக்கம் செய்யப்பட்டது, அதாவது மற்றவர்கள் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டது என்று நிறுவனம் ஒரு காலத்தில் சொன்னது, 2022இல் இல்லை என்று ஒப்புக்கொண்டது. ஜெர்மனியின் போஹும் ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் அதைப் பிரித்துப் படித்தே காட்டினார்கள். உக்ரைன் போரில் இது உயிர்ப் பிரச்சனையானது. ட்ரோன் விடுகிற ஆள் நிற்கும் இடம் எதிரிக்குத் தெரிந்தால் அடுத்து குண்டு எங்கே விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. சீனாவுக்குப் படம் போகிறதா என்று பயந்த நம் ஆட்கள் யாரும், தங்கள் இருப்பிடத்தை ட்ரோன் சுற்றுவட்டாரத்துக்கே சொல்லிக்கொண்டு பறப்பதைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை.

ட்ரோன் இப்படி அடையாளத்தை ஒலிபரப்புவதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது அமெரிக்கா. ரிமோட் ஐடி என்ற பெயரில் 2024 மார்ச் 16 முதல் கண்டிப்பாக நடைமுறைப்படுத்துகிறார்கள். சாதாரண போனில் ஒரு ஆப் வைத்தே யாரும் படிக்கலாம். நம் ட்ரோன் விதிகள் 2021இலும், நேரடியாகத் தடமறியும் அடையாள ஒலிபரப்பைப் பிற்பாடு கட்டாயமாக்க அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. விமானத்துக்குப் பக்கத்தில் ட்ரோன் விடுகிறவனைப் பிடிக்க இது வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விடுகிறவர் நிற்கும் இடத்தைத் தெருவில் போகிறவர் எல்லாரும் பார்க்கத் தேவையில்லை. தனியாக நிலத்தில் நின்று சர்வே எடுக்கிற ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள்.

பக்கத்து வீட்டுப் பையன் எங்க மொட்டை மாடிக்கு மேலயே ட்ரோன் விடறான். துணி காயப்போடக்கூட போக முடியலைங்க சார். சட்டம் என்ன சொல்லுது?

இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் எல்லாருமே பெண்கள். சட்டம் சொல்வது உங்களுக்குத் திருப்தியாக இருக்காது. பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதை 77ஆம் பிரிவின்படி, அந்தரங்கச் செயலில் இருக்கும் பெண்ணை ஒளிந்து பார்ப்பதும் படமெடுப்பதும் குற்றம். முதல் முறை ஒன்று முதல் மூன்று ஆண்டு சிறை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவு, ஒருவரின் அந்தரங்க உறுப்புகளைச் சம்மதமின்றிப் படமெடுப்பதைத் தண்டிக்கிறது. ஆனால் நைட்டியோடு துணி காயப்போடுவதைப் படமெடுத்தால் இந்த இரண்டும் நேராகப் பொருந்தாது. ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

ட்ரோன் விதிகள் என்ன சொல்கின்றன என்று கேட்பீர்கள். அரசின் ட்ரோன் மேப்பில் பச்சை மண்டலம் என்று குறித்த இடங்களில் 400 அடி வரை பறக்க முன் அனுமதி வேண்டாம். 250 கிராமுக்குள் இருந்தால் பைலட் சான்றிதழும் வேண்டாம். தனிமனித அந்தரங்கத்தைக் காத்துப் படமெடுக்க வேண்டும் என்ற வரி 2021 மார்ச்சில் வந்த விதிகளில் இருந்தது. அந்த விதிகளை நீக்கி ஆகஸ்டில் வந்த எளிமையான விதிகளில் அது இல்லை. தொழில் வளரட்டும் என்று எத்தனையோ படிவங்களைக் குறைத்தார்கள், எனக்கு அதில் சந்தோஷம்தான். இந்த ஒரு வரியை எடுத்திருக்கக் கூடாது.

செய்ய வேண்டியது: வரும் தேதி, நேரம் குறித்துக்கொள்ளுங்கள், போனில் வீடியோ எடுங்கள், முடிந்தால் அது கிளம்புவதும் இறங்குவதும் தெரியும்படி. முதலில் அந்த வீட்டுப் பெரியவர்களிடம் பேசுங்கள். கேட்கவில்லை என்றால் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஆட்கள் தலைக்கு மேல் ஆபத்தாகப் பறக்கவிட்டது என்றால் நியாய சம்ஹிதையின் 125ஆம் பிரிவையும் குறிப்பிடலாம். ட்ரோன் விதிகளை மீறியிருந்தால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

கல்லால அடிச்சுக் கீழ தள்ளிட்டா?

வேண்டாம். பொருளைச் சேதப்படுத்திய வழக்கு உங்கள் மேல் திரும்பும். பறக்கிற ட்ரோன் யார் தலையில் விழும் என்றும் சொல்ல முடியாது. லித்தியம் பேட்டரி உடைந்தால் தீப்பிடிக்கும்.

அவ்வளவு உயரத்துல இருந்து முகம் தெரியுமா என்ன? சும்மா பயப்படறாங்க.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். சாதாரண ட்ரோனில் இருப்பது 24 மில்லிமீட்டர் அகலப் பார்வை லென்ஸ். 100 மீட்டர் உயரத்திலிருந்து அது சுமார் 150 மீட்டர் அகலத்தைப் பிடிக்கும். 4கே வீடியோவில் அந்த அகலம் 3,840 புள்ளிகளாகப் பிரிகிறது. ஒரு புள்ளிக்கு ஏறக்குறைய 4 சென்டிமீட்டர். உங்கள் முகம் மொத்தமே நாலு புள்ளி. யாரென்று கடவுளுக்குத்தான் தெரியும். 30 மீட்டருக்கு இறங்கினால் முகத்துக்குப் பதின்மூன்று புள்ளி கிடைக்கும். சேலை நிறத்தையும் நடையையும் வைத்துத் தெரிந்தவர்கள் கண்டுபிடிப்பார்கள்.

ஜூம் லென்ஸ் வந்தபிறகு கணக்கு மாறிவிட்டது. மேவிக் 3 ப்ரோவில் 166 மில்லிமீட்டர் லென்ஸ் இருக்கிறது. அதே 100 மீட்டரிலிருந்து முகத்துக்கு இருபத்தேழு புள்ளி, 30 மீட்டரிலிருந்து தொண்ணூறு. தொண்ணூறு புள்ளியில் மச்சம்கூடத் தெரியும். பறக்கும் சத்தம் கேட்கவில்லை என்பதால் பார்க்கவில்லை என்று நினைக்காதீர்கள்.

வயலுக்கு மருந்தடிக்க வர்ற ட்ரோன் எங்க நெலத்தோட அளவெல்லாம் எடுத்துக்கிட்டுப் போகுதாமே?

ஆமாம், எடுக்காமல் தெளிக்க முடியாது. முதலில் வரப்பு ஓரத்தை மேப்பில் குறிப்பார்கள், அதன்படிதான் ட்ரோன் வரிசை வரிசையாகப் போகும். நில எல்லை, பரப்பு, எந்தத் தேதியில் எவ்வளவு மருந்து என்பதெல்லாம் அந்த நிறுவனத்தின் சர்வரில் சேரும். 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு ட்ரோன் கொடுக்கும் மத்திய அரசின் திட்டமும் வந்திருக்கிறது, அதனால் இந்தப் பதிவுகள் இனிப் பெருகும்.

பட்டாவில் இருக்கிற அளவுதானே, போனால் போகட்டும் என்று நினைக்கலாம். எந்தப் பயிர், எத்தனை முறை பூச்சி விழுந்தது என்பது பட்டாவில் இல்லை. பயிர்க்காப்பீடு கொடுக்கிறவருக்கும், மகசூலுக்கு முன்பே விலை பேச வருகிற வியாபாரிக்கும் அது காசு. தெளிப்பவரிடம் இந்த விவரத்தை யாருக்காவது கொடுப்பீர்களா என்று கேளுங்கள். எனக்கு ஒரு நகல் வேண்டும் என்றும் கேளுங்கள்.

போலீஸ் ட்ரோன் விடறதுக்கு யார்கிட்டயும் அனுமதி வாங்க வேணாமா?

2020 ஏப்ரல் ஊரடங்கில் திருப்பூர் போலீஸ் வெளியிட்ட வீடியோ நினைவிருக்கும். மரத்தடியில் கேரம் ஆடிக்கொண்டிருந்த பையன்கள் ட்ரோனைப் பார்த்துத் தலைதெறிக்க ஓடுவார்கள், கேரம் போர்டையே குடையாகப் பிடித்து மறைந்துகொள்ள முயல்வார்கள். நகைச்சுவை வசனமெல்லாம் சேர்த்து வந்த அந்த வீடியோவைத் தமிழ்நாடே பார்த்துச் சிரித்தது. நானும் சிரித்தேன், நாலு பேருக்கு அனுப்பினேன். நாள் போகப்போகத்தான் உறைத்தது. அந்தப் பையன்களை லட்சக்கணக்கானவர்களுக்குக் காட்டலாம் என்று முடிவு செய்தது யார்? அவர்களிடம் யாராவது கேட்டார்களா? ஊரடங்கை மீறியதற்குத் தண்டனை சட்டத்தில் இருந்தது. ஊர் முழுக்கக் காட்டுவது அந்தத் தண்டனையில் இல்லை.

2023இல் சென்னை அடையாறில் போலீஸ் ட்ரோன் பிரிவு தனியாகவே தொடங்கப்பட்டது. கூட்ட நெரிசல், காணாமல் போனவர்கள், கடலில் சிக்கியவர்கள் என்று நல்ல பயன்கள் நிறைய உண்டு. ஆனால் எப்போது விடலாம், எவ்வளவு நாள் வீடியோவை வைத்திருக்கலாம், யார் பார்க்கலாம் என்று சொல்லும் தனிச் சட்டம் எதுவும் நம்மிடம் இல்லை. 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். அரசு அதில் கை வைக்க வேண்டுமென்றால் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், தேவைக்கு மீறாமல் இருக்க வேண்டும். முதல் படியிலேயே போலீஸ் ட்ரோன் தடுமாறுகிறது என்பது என் கருத்து.

நான் தப்பு எதுவும் பண்ணலை. போலீஸ் பார்த்தா பார்த்துட்டுப் போகட்டுமே, எனக்கென்ன?

பார்க்கிற போலீஸ்காரர் மேல் உங்களுக்கு நம்பிக்கை இருக்கலாம். ஆனால் பார்த்தது எங்கே சேமிக்கப்படுகிறது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். தமிழ்நாடு போலீசின் முக அடையாள மென்பொருள் 2021இல் நடைமுறைக்கு வந்தது. 2024 மே மாதம் அதன் இணையதளத்துக்குள் திருடர்கள் புகுந்து தகவல்களை எடுத்துவிட்டார்கள். போலீசிடம் கொடுத்தது போலீசோடு நிற்கவில்லை.

இன்னொன்று, தப்பு எது என்பதை நீங்கள் தீர்மானிப்பதில்லை. உங்கள் ஊர்க் குடிநீருக்காகச் சாலை மறியலில் உட்கார்ந்தால் மேலே ட்ரோன் நிற்கும். 2024 பிப்ரவரியில் பஞ்சாப், ஹரியானா நடுவிலுள்ள ஷம்பு எல்லையில் விவசாயிகள் மேல் ஹரியானா போலீஸ் ட்ரோனிலிருந்து கண்ணீர்ப்புகைக் குண்டு போட்டதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். எல்லாரையும் மேலிருந்து ஒரே நேரத்தில் பார்க்கலாம், முகத்தைப் பெயரோடு சேர்க்கலாம் என்றாகிவிட்டால், அடுத்த மறியலுக்கு எத்தனை பேர் வருவார்கள்?

அதான் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துடுச்சே, காப்பாத்தாதா?

2023இல் நிறைவேறியது, விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியமான பகுதிகள் படிப்படியாக 18 மாதத்தில் அமலாகும். கம்பெனிகளைப் பொறுத்தவரை நல்ல சட்டம். ட்ரோன் ஆப் நிறுவனமோ, மருந்தடிக்கும் நிறுவனமோ உங்கள் விவரத்தைச் சம்மதமில்லாமல் வேறு வேலைக்குப் பயன்படுத்தினால் கேள்வி கேட்கலாம்.

ஆனால் பக்கத்து வீட்டுப் பையன் சொந்தப் பொழுதுபோக்குக்கு எடுத்தால் இந்தச் சட்டம் பொருந்தாது, தனிப்பட்ட, வீட்டு உபயோகத்துக்கு விலக்கு உண்டு. குற்றத் தடுப்புக்கும் விசாரணைக்கும் பெரும்பகுதி விலக்கு உண்டு. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று சொல்லி எந்த அரசு அமைப்பையும் மொத்தமாக விலக்க 17ஆம் பிரிவு மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. மொட்டை மாடிக் கேள்விக்கும் போலீஸ் கேள்விக்கும் விடை தேடி இந்தச் சட்டத்திடம் வந்தால் இரண்டு கதவும் சாத்தியிருக்கிறது.

மத்த நாட்டுல எல்லாம் எப்படிங்க?

பிரான்சைப் பாருங்கள். 2020 ஊரடங்கில் பாரிஸ் போலீஸ் ட்ரோன் விட்டது, நம் திருப்பூர் மாதிரியே. உரிமை அமைப்புகள் இரண்டு வழக்குப் போட்டன. மே 18 அன்று நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் நிறுத்தச் சொன்னது. முகம் மங்கலாக்கி விடுகிறோம் என்று போலீஸ் திரும்ப வந்தபோது டிசம்பரில் மறுபடி நிறுத்தியது. பிறகு 2022இல் நிபந்தனைகளோடு சட்டம் இயற்றித்தான் விட ஆரம்பித்தார்கள். முதலில் சட்டம், அப்புறம் ட்ரோன் என்ற வரிசையை நீதிமன்றம் கட்டாயப்படுத்தியது.

அமெரிக்காவில் இரண்டும் கலந்திருக்கிறது. 400 அடி உயரத்தில் ஹெலிகாப்டரிலிருந்து போலீஸ் எட்டிப் பார்ப்பதற்கு வாரண்ட் வேண்டாம் என்று 1989இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் பால்டிமோர் நகரம் முழுவதையும் சிறு விமானங்களிலிருந்து தொடர்ந்து படமெடுத்த திட்டம் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 2021 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒருமுறை எட்டிப் பார்ப்பது வேறு, நாள் முழுக்கப் பின்தொடர்வது வேறு என்ற வேறுபாட்டை அது பிடித்துக்கொண்டது. நம் நீதிமன்றங்களில் வாதாடுகிறவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய வேறுபாடு.

என் ட்ரோனைப் போலீஸ் பிடிச்சுக்கிட்டுப் போயிட்டா லாக் எல்லாம் எடுத்துப் பார்ப்பாங்களா?

பார்ப்பார்கள். இரண்டாவது பதிலில் சொன்ன அத்தனையும் அவர்கள் கைக்குப் போகும். ரிமோட்டும் போனும் சேர்ந்து போனால் இன்னும் அதிகம், அதனால்தான் தனிப் போன் வைக்கச் சொன்னேன். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 105ஆம் பிரிவின்படி, பொருளைக் கைப்பற்றுவதை வீடியோ எடுக்க வேண்டும். கைப்பற்றிய பொருள்களின் பட்டியலான மகஜரை எழுதி, உங்களுக்கு ஒரு நகல் தர வேண்டும். வரிசை எண், மெமரி கார்டு எத்தனை ஜிபி என்பது உட்பட எல்லாம் அதில் குறிக்கச் சொல்லுங்கள். பயத்தில் அங்கேயே எதையும் அழிக்காதீர்கள், அது தனிக் குற்றமாகிவிடும். ஒரு வழக்கறிஞரைக் கூப்பிடுங்கள்.

போலீஸ் எங்க தெருவுல எடுத்த வீடியோவை என்ன பண்ணாங்கன்னு தெரிஞ்சுக்க வழியிருக்கா?

இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மாவட்டக் காவல் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். எங்கள் தெருவில் என்ன எடுத்தீர்கள் என்று கேட்டால் விசாரணை பாதிக்கும் என்று மறுத்துவிடலாம். அதனால் நடைமுறையைக் கேளுங்கள்: மாவட்டத்தில் எத்தனை ட்ரோன் இருக்கிறது, எந்த மாடல், பறக்கவிட உத்தரவிடும் அதிகாரி எந்தப் பதவியில் இருப்பவர், வீடியோவை எத்தனை நாள் வைத்திருக்கிறீர்கள், அழிப்பதற்கான உத்தரவின் நகல், முக அடையாள மென்பொருளோடு இணைத்திருக்கிறீர்களா, சமூக வலைதளத்தில் வெளியிட யார் அனுமதி தருகிறார்கள்.

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். அதற்கும் பிறகு மாநிலத் தகவல் ஆணையம் இருக்கிறது. மனு எழுதத் தயக்கமாக இருந்தால் கடைக்கு வாருங்கள், உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.